செயற்கைக்கோளுக்குப் பரஸ்தானம் வைத்த கதை

நான் இதுவரை அடித்த ஜோக்குகளில் பெரும்பாலானவை யாருக்கும் எந்தச் சேதமும் இல்லாமல், பிறந்த இடத்திலேயே உயிரை விட்டவை. ஒன்றே ஒன்று மட்டும் வேலை செய்தது. அது வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு செயற்கைக்கோளின் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தது. செயற்கைக்கோளுக்கு ரோஷம் கிடையாது, போகட்டும். அதன் பின்னால் ஏழு வருடம் நடந்து தேய்ந்த ஒரு பெண்மணியின் காரியத்தையும் சேர்த்துக் கெடுக்கப் பார்த்தது என்பதுதான் சொல்ல வெட்கமாக இருக்கிற விஷயம். ஐம்பத்திரண்டு வயதில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவனுக்கு வேறு என்ன தெரிந்து என்ன பயன்?

ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் தமிழ் ஆசிரியர். பொறியியல் கல்லூரியில் தமிழ் ஆசிரியருக்கு என்ன வேலை என்று என் மாமனார் இன்னமும் கேட்கிறார். முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் தமிழர் மரபைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே மரபைக் காப்பார்கள். மிச்ச நேரத்தில் அழைப்பிதழ், இரங்கல் தீர்மானம், பேருந்து நேர மாற்ற அறிவிப்பு, பத்திரிகைக் குறிப்பு எல்லாம் என் கைவண்ணம். பத்திரிகைகளில் நாலைந்து நகைச்சுவைக் கட்டுரை வந்துவிட்டதால், எந்தக் கூட்டத்திலும் ஒரு மூலையில் என்னை உட்கார வைப்பது வழக்கமாகிவிட்டது. அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானக் கூட்டத்திலும் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு செயற்கைக்கோள் உண்டு. கேட்பவர்கள் மிரளவேண்டாம், செருப்புப் பெட்டி அளவுதான். பெரிய செயற்கைக்கோள்கள் போகிற ராக்கெட்டில், கல்யாண வேனில் கடைசி சீட்டு கிடைத்த மாதிரி ஒரு இடம் கிடைத்து மேலே போனது. அதைச் செய்தவர்களில் பாதிப்பேர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். மிஞ்சியவர் மின்னணுவியல் துறை மேடம் ஒருவர். நாற்பத்தாறு வயது. காலையில் நான் வருவதற்குள் வந்திருப்பார், மாலையில் நான் போகும்போது போயிருக்கமாட்டார். ஏழு வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். கடைசி நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. அடுத்த மாத முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. பட்டம் இல்லாதவர்களை வைத்துக்கொள்வதில்லை என்று நிர்வாகம் வேறு சுற்றறிக்கை விட்டிருந்தது. அந்தச் சுற்றறிக்கையை எழுதியதும் நான்தான். நல்ல தமிழில் எழுதியிருந்தேன்.

கூட்டத்தின் நோக்கம் எளிது. ஞாயிற்றுக்கிழமை ஊரில் தேர். நம் செயற்கைக்கோள் நம் ஊரைத் தேரன்று படம் எடுக்கவேண்டும், அடுத்த வருட நாட்காட்டியில் போடவேண்டும் என்று எங்கள் தாளாளருக்கு ஆசை. அவருக்குக் காந்தி ரோட்டில் பட்டுப்புடவைக் கடை. கல்லூரியைவிடக் கடைதான் அவருக்குப் புரியும். அதனாலேயே இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. செயற்கைக்கோளின் கேமரா அப்போது பூமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பவேண்டும்.

மேடம் எழுந்து, இன்று ராத்திரி அது அடிவானத்தோடு ஒதுங்கிப் போய்விடும், நாளைக் காலை ஒன்பதே முக்கால் வாக்கில் நம் ஊருக்கு மேல் வரும், அதை விட்டால் நாளை ராத்திரி ஒருமுறை வரும், காலையிலேயே கட்டளை அனுப்பினால் ஞாயிறு காலைக்குள் மெதுவாகத் திரும்பி நின்றுவிடும் என்றார். அத்தோடு தேநீர் குடித்துவிட்டுக் கலைந்திருக்கலாம்.

நான் வாயைத் திறந்தேன். "சனிக்கிழமை ஒம்போதுலேந்து பத்தரை ராகு காலம் மேடம். ராகுவும் அந்த ஏரியாவுலதான் சுத்திக்கினு இருக்காரு. எதுக்கு வம்பு?"

நாலு பேர் சிரித்தார்கள். தாளாளர் சிரிக்கவில்லை. திரும்பிச் சுவரில் மாட்டியிருந்த தினசரி நாட்காட்டியைப் பார்த்தார். எழுந்து பக்கத்தில் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சார் சொல்றது கரெக்ட்டு. நல்லவேளை சொன்னாரு. ராத்திரியும் ஒருவாட்டி வரும்னு சொன்னீங்க இல்ல, அப்ப அனுப்பிடுங்க."

ராத்திரி என்றால் நேரம் போதாது என்றார் மேடம்.

"ராக்கெட்டே பத்து நிமிஷத்துல மேல போயிடுது. பொட்டி திரும்பறதுக்கு ஒரு நாளாம்மா?"

இந்தக் கேள்விக்கு அந்த அறையில் பதில் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் பதில் சொல்வதற்குள் போண்டா வந்துவிட்டது.

கூட்டம் முடிந்து தாழ்வாரத்தில் மேடத்தைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனேன். ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஒரு பெட்டி காலையில் திரும்பினால் என்ன, ராத்திரி திரும்பினால் என்ன? செயற்கைக்கோள் என்றால் மேஜை மின்விசிறி மாதிரி, குமிழை இழுத்தால் தலையைத் திருப்பும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அவர் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். தூணில் சாய்ந்துகொண்டு, முதலாண்டு மாணவனுக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார்.

மேலே காலை ஊன்றித் திரும்பத் தரை இல்லை. துடுப்புப் போடக் காற்று இல்லை. அந்தப் பெட்டிக்குத் திரும்ப இரண்டே வழி. ஒன்று, அமுக்கி அடைத்து வைத்திருக்கிற வாயுவை ஒரு பக்கம் ஊதுவது. ஊதினால் பெட்டி மறுபக்கம் சுழலத் தொடங்கும். தொடங்கினால் அதுவாக நிற்காது. நிறுத்துவதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு முறை ஊதவேண்டும். கிளம்ப எவ்வளவு செலவோ, நிற்கவும் அவ்வளவு. வேகமாகத் திரும்பினால் இரண்டு செலவும் கூடும். வாயுத் தொட்டி எலுமிச்சம்பழ அளவு. மேலே போன புதிதில் பெட்டி தாறுமாறாக உருண்டதில், அதை நிதானத்துக்குக் கொண்டுவரவே முக்கால்வாசி தீர்ந்துவிட்டது.

இன்னொரு வழி காந்தம். உள்ளே செம்புக்கம்பி சுற்றிய தண்டுகள் இருக்கின்றன. சூரிய வெளிச்சத்தில் கிடைக்கிற மின்சாரத்தை அதில் விட்டால் தண்டு காந்தமாகும். பூமியே ஒரு பெரிய காந்தம் என்பதால், திசைகாட்டி முள் திரும்புகிற மாதிரி பெட்டியும் மெல்லத் திரும்பும். வாயு ஒரு சொட்டுக்கூட வேண்டாம். ஆனால் இந்த இழுப்பு மிகவும் பலவீனமானது. அதோடு, நினைத்த பக்கமெல்லாம் திருப்பவும் முடியாது. நேர்வழியில் போனால் சில இடங்களில் காந்தம் கைவிட்டுவிடும்; அங்கே வாயுவை ஊதித்தான் ஆகவேண்டும். அதனால் சுற்று வழி. முதலில் ஒரு பக்கம் சாய்ந்து, பூமி இழுக்கிற இழுப்பையும் துணைக்கு எடுத்துக்கொண்டு, பூமியைப் பலமுறை சுற்றிவருவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக.

எனக்குப் புரிந்த மாதிரி சொன்னால், தேர் நாளில் ராஜவீதிக்குள் வண்டியை விட்டு, நின்று நின்று பெட்ரோலைக் கொளுத்துவதற்குப் பதில், ஊருக்கு வெளியே செவிலிமேட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவது. தூரம் அதிகம், எரிபொருள் குறைவு. எந்த வளைவில் திரும்பினால் சும்மா உருண்டே வரலாம் என்று கணக்குப் போடுவதுதான் அவருடைய ஏழு வருடம்.

கணினியில் எல்லாம் சரியாக வந்துவிட்டது. வானத்தில் ஒருமுறை செய்து காட்டவேண்டும். தாளாளர் கேட்ட படத்துக்குக் கிட்டத்தட்ட அரைவட்டம் திருப்பவேண்டும். மேடத்துக்கு வேண்டியதும் அதே மாதிரி ஒரு பெரிய திருப்பம்தான். செயற்கைக்கோளின் பேட்டரி வேறு சாகக் கிடந்தது. நிழலுக்குள் போகும்போதெல்லாம் மூச்சு வாங்கியது. இன்னும் ஒரு மாதம் தாங்குமா என்பதே சந்தேகம். ஆக, இதுதான் வாய்ப்பு. முழுசாக ஒரு நாள் இருந்தால் வாயுவே இல்லாமல் திருப்பிவிடலாம். ராத்திரி தொடங்கினால் பாதி தூரத்துக்கு மேல் காந்தத்தால் முடியாது. இருக்கிற வாயுவையெல்லாம் ஊதித்தான் நேரத்துக்குப் போய் நிற்கவேண்டும்.

"கேஸ் இல்லாம திருப்பலாம்னு ஏழு வருஷமா எழுதிக்கினு இருக்கேன். கேஸை ஊதித் திருப்பிட்டு, அதைக் கடைசி அத்தியாயத்துல எப்படி சார் போடறது?"

தாளாளருக்குத் தெரியாமல் காலையிலேயே அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்டேன். என் போன்றவர்களுக்கு வீரம் மற்றவர்கள் விஷயத்தில் நன்றாக வரும். அவர் என்னைப் பார்த்தார்.

"அனுப்பிடலாம் சார். திங்கக்கிழமை நான் எங்க போறது?"

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு மேலே போனார். ராத்திரிக்கான கணக்கைப் புதிதாகப் போடவேண்டுமாம். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக அவர் ஏறியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குப் போக மனமில்லை. வண்டியை நேராகக் காந்தி ரோட்டுக்கு விட்டேன். வழியெல்லாம் ராகு காலத்துக்கு எதிராக வாதங்களை அடுக்கிக்கொண்டு போனேன். வானத்தில் நம்முடைய மணிக்கணக்கு செல்லாது. ராகு காலம் சூரிய உதயத்தை வைத்து. அந்தப் பெட்டிக்கோ ஒரு நாளில் பத்துப் பதினைந்து உதயம். எந்த உதயத்துக்கு எந்த ராகு? பிரமாதமான வாதம். கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இது உதவாது என்று தெரிந்துவிட்டது. கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற மனிதர், கடையைத் திறக்கும் சாவியைக்கூட நேரம் பார்த்துக் கையில் எடுப்பவர். அவருடைய பஞ்சாங்கத்தைப் பொய் என்று சொல்லி ஜெயிக்க முடியாது. பஞ்சாங்கத்துக்கு உள்ளேயே ஒரு சந்து கண்டுபிடிக்கவேண்டும்.

சந்து இருந்தது. வெளியூர்ப் பயணம் கிளம்புகிற நேரம் சரியில்லை, ஆனால் அந்த நேரத்துக்குத்தான் ரயில் என்றால் எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. அதற்கு முந்தைய நல்ல நேரத்தில் ஒரு பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு ராகு காலத்தில் பையை எடுத்துக்கொண்டு நடந்தாலும் அது பாதி வழியில் போகிற பயணம்தானே தவிர, தொடக்கம் அல்ல. பரஸ்தானம் வைப்பது என்று பெயர். விதியும் காப்பாற்றப்பட்டது, ரயிலும் பிடிக்கப்பட்டது. இதைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் வக்கீல் குடும்பமாகத்தான் இருக்கவேண்டும்.

தாளாளர் ஒரு வாடிக்கையாளருக்குப் புடவைக் கரையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் நடுவில் சொன்னேன். நாளைக்கு ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால் நல்ல நேரம். அப்போதே நீங்கள் உங்கள் கையால் கணினியில் பட்டனை அழுத்திவிடுங்கள். கட்டளை கணினியில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒன்பதே முக்காலுக்கு அது தானாகக் கிளம்பிப் போகும்.

அவர் கை கரையின் மேல் நின்றது.

"பரஸ்தானம்!" என்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அந்தச் சொல்லை என்னைவிட அழகாகச் சொன்னார். "எங்கம்மா திருப்பதி போறப்பல்லாம் எதிர்வீட்டுல பை வெப்பாங்க. கம்ப்யூட்டர்தான் எதிர்வீடுன்றீங்க."

"ஆமாங்கய்யா."

"பூஜை உண்டில்ல?"

உண்டு என்றேன். பூஜை ஏற்பாடு என் பொறுப்பு என்றும் சொன்னேன். சொல்லியிருக்கவேண்டாம். மேடத்துக்குப் போன் செய்தபோது அவர், "அப்ப பழைய கணக்கே போதும்" என்றார். போனில் ஒரு நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் பாராட்டு எதுவும் வரவில்லை.

சனிக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் நான்காவது மாடியில் ஆஜரானேன். செயற்கைக்கோளோடு பேசுகிற அறை அங்கேதான். அதற்கு மேலே மொட்டைமாடியில் ஆன்டெனா. ஒரு நீளக் கம்பியில் குறுக்குக் கம்பிகள் வைத்தது, கீழே மோட்டார். செயற்கைக்கோள் வானத்தில் போகிற பக்கமெல்லாம் மோட்டார் அதைத் திருப்பிக்கொண்டே இருக்கும். கணினிக்குப் பக்கத்தில் மஞ்சள் பிள்ளையார் பிடித்துவைத்து, வெற்றிலை பாக்கு, தேங்காய் எல்லாம் பரப்பினேன். கோயில் பக்கத்துப் பூக்கடையில் ஆளுயரத்துக்கு ஒரு சாமந்தி மாலை வாங்கியிருந்தேன். கணினிக்கு அது தாங்காது. எங்கே போடுவது என்று தாளாளர் கேட்க, மேலே ஆன்டெனாவுக்கு என்றேன். ஆயுத பூஜைக்குக் கல்லூரிப் பேருந்துக்குப் போடுவதில்லையா, அந்த மாதிரி.

ஆய்வக உதவியாளர் என்னோடு மாடிக்கு வந்தார். முசரவாக்கத்திலிருந்து வருகிறவர், அதிகம் பேசமாட்டார், பேசினால் ஒரு வரி. "தமிழ் சார், இது சுத்துற சாமான்."

"பூ என்னபா பண்ணும்?" என்றேன்.

பூ ஒன்றும் பண்ணவில்லைதான். ஆனால் மாலையின் நார் முனை குட்டையாக இருந்தது. நான் இருப்பது நெசவாளர் தெரு. புடவையைத் தறியிலிருந்து அறுத்தது போக மிஞ்சுகிற பட்டு இழைகள் எல்லார் வீட்டிலும் கிடைக்கும். சாவிக்கொத்திலிருந்து கேஸ் குழாய் வரை எங்கள் வீட்டில் அதில்தான் கட்டியிருக்கும். என் சட்டைப் பையிலும் ஒரு சுருள் எப்போதும் உண்டு. அதை எடுத்து நாலு புரியாக முறுக்கி, மாலையை ஆன்டெனாவோடும் அதன் கம்பத்தோடும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். வாழை நாராக இருந்திருந்தால் அறுந்திருக்கும். பட்டு அறுமா?

எட்டு மணிக்குக் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, விசைப்பலகைக்குக் குங்குமம் வைத்து, தாளாளர் பட்டனை அழுத்தினார். குங்குமம் உள்ளே போய்விடப்போகிறது என்று மேடம் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயணம் முறைப்படி தொடங்கியது. தாளாளர் திருப்தியாகக் கடைக்குக் கிளம்பிப் போனார். நாங்கள் மூன்று பேரும் பிரசாதத் தேங்காயைக் கடித்துக்கொண்டு ராகு காலத்துக்காகக் காத்திருந்தோம்.

ஒன்பதே முக்காலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆன்டெனா திரும்பத் தொடங்கியது. மோட்டார் சத்தம் கூரை வழியாகக் கேட்டது. செயற்கைக்கோளின் குரல், ஒரு சின்னப் பூச்சி கத்துகிற மாதிரி, ஒலிபெருக்கியில் வந்தது. பிறகு மேலே ஒரு முனகல். மோட்டார் நின்றது. பூச்சியின் குரல் மெலிந்துகொண்டே போனது.

திரையில் கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கட்டம். மேலேயிருந்து 'கிடைத்தது' என்று பதில் வந்தால் அது பச்சையாகவேண்டும். வரவில்லை. கணினி அரை நிமிடத்துக்கு ஒருதரம் அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது, வடக்கே யாரும் இல்லாத ஒரு மூலைக்கு.

உதவியாளர் என்னைப் பார்த்தார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லிக்காட்டாமல் மாடிப்படியைக் காட்டினார். அதற்கு நான் இன்றுவரை கடன்பட்டவன்.

மேடம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். நானும் பின்னால் ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேலே மாலை கம்பத்தைச் சுற்றி, பட்டு நூல் மோட்டாரின் இடுக்கில் போய்ச் சிக்கி, வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. பல்லால் கடித்துப் பார்த்தேன். தேங்காய் உடைத்த அரிவாள் கீழே. போய் எடுத்துவர நேரம் இல்லை. மொத்தமே பத்து நிமிடம்தான் அது நம் வானத்தில் இருக்கும், அதில் நாலு போய்விட்டது.

மேடம் ஆன்டெனாவின் கம்பியை மோட்டாரிலிருந்து கழற்றினார்; பட்டின் விறைப்பு தளர்ந்து கம்பி உருவிக்கொண்டு வந்தது. மாலையோடு சேர்த்து என் கையில் கொடுத்தார்.

"பிடிங்க சார். கிழக்கால தூக்குங்க. நான் சொல்ற பக்கம் வாங்க."

எங்கள் தலைமுறைக்குக் கிடைத்த ஒரே தொழில்நுட்பப் பயிற்சி இதுதான். எண்பதுகளில் வீட்டில் யாராவது ஒருத்தர் மொட்டைமாடியில் நின்று டிவி ஆன்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து இன்னொருத்தர் 'வந்துச்சு, போச்சு' என்று கத்துவார். அப்போதும் மாடியில் நின்றவன் நான்தான். மேடம் கைப்பேசியில் செயற்கைக்கோள் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, எதுவுமே தெரியாத நீல வானத்தின் மேல், சாமந்திப் பூ முகத்தில் உரச, அந்தக் கம்பியை நான் நகர்த்திக்கொண்டு போனேன். கீழே அறையில் உதவியாளர். அவர் குரல் மேடத்தின் இன்னொரு கைப்பேசியில்.

"செவப்புதான் இருக்குது மேடம்."

"இன்னும் தூக்குங்க சார். மெதுவா. தாண்டிப் போவாதீங்க."

தோள்பட்டை கெஞ்சியது. வேகமாக இழுத்தால் கம்பி அதன் கனத்தில் குறியைத் தாண்டிப் போகிறது. அதை நிறுத்தவே தனியாகத் தம் கட்டவேண்டியிருக்கிறது. முந்தைய நாள் தாழ்வாரத்தில் அவர் சொன்னதெல்லாம் அப்போதுதான் என் முதுகெலும்புக்குப் புரிந்தது.

"இன்னும் செவப்பு."

"தெற்கால வாங்க. இப்ப எறக்கலாம். கொஞ்சமா."

அவர் குரல் ஏறவே இல்லை. நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், நான் நகர நகர அவரும் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தார். ஏழு வருடமும் ஒரு சுற்றறிக்கையும் என் இரண்டு கைகளில் ஆடிக்கொண்டிருக்க, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்கினேன். தண்ணீர்த் தொட்டி மறைக்கிற உயரத்துக்கு வந்துவிட்டது. தொட்டியைச் சுற்றி ஓரமாக நகர்ந்தேன்.

"மேடம், பச்சை வந்துச்சு."

நான் அப்படியே கம்பியைத் தெற்கே காட்டிக்கொண்டு நின்றேன். ஒருவேளை மறுபடி சிவப்பாகிவிடுமோ என்று பயம். மேடம் தொட்டியின் அடித்திட்டில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"கைய எறக்கிடலாம் சார். அது போயிடுச்சு."

அன்று முழுக்க ஒரு வேலையும் இல்லை. மேலே ஒரு பெட்டி, யாரும் பார்க்காமல், யாரையும் அவசரப்படுத்தாமல், பூமியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. நான் தோளுக்கு மூவ் களிம்பு தடவிக்கொண்டு படுத்திருந்தேன். ராத்திரி அது மறுபடி ஊருக்கு மேல் வந்தபோது பாதித் திருப்பம் ஆகிவிட்டதாகவும் வாயு அப்படியே இருப்பதாகவும் மேடம் ஒரு வரி அனுப்பியிருந்தார்.

ஞாயிறு காலை தேர் பார்க்கப் போனேன். பத்து மணிக்குச் சற்று முன்னால், எல்லாரும் தேரைப் பார்த்துக் கும்பிடும்போது நான் மட்டும் அண்ணாந்து நின்றேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நானும் ஏதோ கலசத்தைத் தரிசிப்பதாக நினைத்து, தானும் அண்ணாந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை படம் வந்தது. செயற்கைக்கோள் சரியாகத் திரும்பி நின்றிருந்தது. வாயுத் தொட்டியின் அழுத்தம் வெள்ளிக்கிழமை என்ன இருந்ததோ அதேதான். மேடம் அந்த எண்ணை மூன்று தடவை சரிபார்த்ததைப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. படத்தில் பாலாறு ஒரு வெளிறிய கோடு. அங்கங்கே ஏரிகள். நடுவில், வேட்டியில் ஊறுகாய் பட்டுத் துவைத்த பின்னும் போகாத கறை மாதிரி ஒன்று. அதுதான் எங்கள் ஊர். அவ்வளவு கோபுரமும் அதற்குள்.

தாளாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "தேர் எங்க?" என்றார்.

நான் கறையின் மேல் ஓர் இடத்தில் விரலை வைத்தேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். இப்போது அது கடையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. தலைகீழாக. இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கும் மேடம் சொல்லித்தான் தெரியும்.

மூன்று வாரத்தில் பேட்டரி முழுசாகப் போய்விட்டது. செயற்கைக்கோள் அதற்குப் பிறகு பேசவில்லை. மேடம் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்தார். சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வும் முடிந்து பட்டம் உறுதியானது. அன்று மாலை ஒரு பெட்டி மைசூர்பாகோடு தமிழ்த் துறைக்கு, அதாவது என் மேஜைக்கு வந்தார். கையில் கனமாகக் கட்டடம் செய்த ஆய்வேடு. வாங்கிப் புரட்டினேன். எல்லாம் ஆங்கிலமும் கணக்குமாக இருந்தது. முன்பக்கத்தில் நன்றியுரை இருக்கும் இடத்தை மட்டும் அடையாளம் தெரிந்துகொண்டு, அங்கே கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றேன். தாளாளர் இருந்தார். வழிகாட்டி இருந்தார். ஆய்வக உதவியாளர்கூட இருந்தார். பக்கத்தைத் திருப்பிப் பின்னாலும் பார்த்தேன்.

மேடத்துக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க அங்க இல்ல சார். அஞ்சாவது அத்தியாயத்துல, சோதனைக்கு வந்த தடங்கல்னு ஒரு பட்டியல் இருக்குது. பேட்டரி, மேகம், மோட்டார் எல்லாம் எழுதிட்டு, கடைசியா 'மற்றவை'ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கேன். அது நீங்கதான்."